ஆற அமர ஒரு வாய்

சித்திரை பிறந்துவிட்டால் விக்கிரவாண்டி - தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் பண்ருட்டி வருவதை மூக்கே சொல்லிவிடும். சாலையோரத்தில் பலாப்பழங்கள் குவியல் குவியலாகக் கிடக்கும். அந்த வழியாகப் போகிறவர்களில் பலர் இன்று காரை விட்டு இறங்குவதில்லை. கண்ணாடியை இறக்கி, உரித்துக் கட்டிவைத்த சுளைப் பொட்டலத்தை வாங்கி, பணத்தைச் செல்போனில் அனுப்பிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நெய்வேலி வருவதற்குள் பொட்டலம் தீர்ந்துவிடும். ஓட்டுகிறவர் கண் சாலையில் இருக்கிறது, பின்னால் இருக்கும் பிள்ளைகளின் கண் திரையில் இருக்கிறது. சுளை கெட்டியாக இருந்ததா, குழைந்திருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இரண்டு தலைமுறைக்கு முன்பு இந்தப் பக்கத்து வீடுகளில் ஒரு பலாப்பழம் தின்பது நாள் கணக்கில் நடந்த காரியம். பண்ருட்டி வட்டத்தில் அண்ணாகிராமம் ஒன்றியம் பெரும்பாலும் நெல்லும் கரும்பும் விளைகிற பூமி. பண்ருட்டிக்குத் தெற்கே செம்மண் தொடங்கும் இடத்தில்தான் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாக நிற்கும். அங்கே உறவு இருந்தால் பழம் வீடு தேடி வரும், இல்லையென்றால் சந்தையில் வாங்கித் தலைச்சுமையாகக் கொண்டுவருவார்கள். வந்ததும் அறுக்க மாட்டார்கள். திண்ணை மூலையில் சாக்கை விரித்து அதன்மேல் இரண்டு மூன்று நாள் போட்டுவைப்பார்கள். போகிறவர் வருகிறவரெல்லாம் தட்டிப் பார்ப்பார்கள். தட்டும் ஓசை கனத்து, முள் அகன்று, வாசனை தெருவுக்கு வந்த பிறகுதான் பெரியவர் அரிவாளை எடுப்பார்.

கையிலும் அரிவாளிலும் நல்லெண்ணெய் தடவ வேண்டும், இல்லையென்றால் பால் ஒட்டிக்கொண்டு விடாது. பழத்தைப் பிளந்து, நடுத்தண்டை அரிந்து, வடிகிற பாலைப் பழந்துணியால் ஒற்றி எடுத்து, நாரை விலக்கி ஒவ்வொரு சுளையாகப் பிதுக்குவார்கள். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருக்கும். முதல் சுளை சாமிக்கு. பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம், எதிர்வீட்டுக்கு ஒரு கிண்ணம் போகும். தோல் மாட்டுக்கு. கொட்டையைக் கழுவிச் சாம்பலில் புரட்டி வைத்தால் அடுத்த வாரம் முருங்கைக்காயோடும் கருவாட்டோடும் குழம்பாகும். மழை நாளில் அடுப்புத் தணலில் சுட்டுத் தின்னவும் கொஞ்சம் மிஞ்சும். அவசரமாகத் தின்ன வேண்டுமென்று யாராவது நினைத்தாலும் பழம் விடாது. காத்திருப்பது, முகர்ந்து பார்ப்பது, பகிர்ந்துகொள்வது எல்லாம் முடிந்துதான் சுளை வாய்க்கு வரும்.

மனம் ஒன்றிச் சாப்பிடுவது என்று இன்று மருத்துவர்களும் உணவு ஆலோசகர்களும் எதைச் சொல்லித் தருகிறார்களோ அது அந்தத் திண்ணையில் யாரும் சொல்லித் தராமலே நடந்தது. இந்த ஒரு காட்சியை மட்டும் வைத்துக்கொண்டு அன்று எல்லோரும் ரசித்துச் சாப்பிட்டார்கள் என்று எழுதிவிடலாம். அப்படித்தான் பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. பலாப்பழம் வருஷத்தில் சில நாள் சங்கதி. மற்ற நாள்களில் தட்டில் என்ன இருந்தது என்று பார்த்தால்தான் அன்றைய கதை முழுசாகத் தெரியும்.

மற்ற நாள்களில் கூழ்தான். கேழ்வரகு மாவை முதல்நாளே கரைத்துப் புளிக்க வைத்து, நொய்யை வேகவிட்டு, மாவை ஊற்றித் துடுப்பால் கிண்டி இறக்குவார்கள். மறுநாள் விடியலில் மோரும் உப்பும் சேர்த்துக் கையால் கரைத்துத் தூக்கில் ஊற்றிக்கொண்டு கழனிக்குப் போவார்கள். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், மோர்மிளகாய், வாய்த்தால் மல்லாட்டைத் துவையல், கடலூர்த் துறைமுகத்துப் பக்கத்திலிருந்து கூடைக்காரம்மா கொண்டுவந்த நெத்திலிக் கருவாடு. பனையோலைப் பட்டையில் கூழை ஊற்றி, வரப்பில் குந்தி, வாய் வைத்துக் குடித்து, ஒரு கடி வெங்காயம் கடித்தால் அதன் சுகம் தனிதான். ஆனால் பல குடும்பங்களில் தூக்கில் இருந்தது அவ்வளவுதான். நெல்லுச்சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் விருந்தாளி வந்த நாளுக்கும் என்று ஒதுக்கப்பட்டிருந்தது. நெல்லை நட்டவர்களும் அறுத்தவர்களும்தான் சோற்றுக்கு நாள் பார்த்தார்கள் என்பதை மறந்துவிட்டு அந்தக் காலத்தைப் புகழ்வது நியாயமில்லை.

பசி ருசி அறியாது என்ற பழமொழி அப்படிப்பட்ட வீடுகளில் பிறந்திருக்க வேண்டும். அடுத்த வேளை வருமா என்ற பயம் இருக்கிறவரை நாக்குக்கு நிதானம் வராது. பெரியவர்கள் நாலு கவளத்தில் முடித்துவிட்டு வேலைக்கு ஓடுவார்கள், பிள்ளை அண்ணன் தட்டையே பார்த்துக்கொண்டு விழுங்கும். ருசித்துச் சாப்பிடுவதற்கு முதல் தேவை, வயிறு பயப்படாமல் இருப்பது.

இதைத் தெளிவாக உணர்ந்த ஒருவர் நம் பக்கத்திலேயே வாழ்ந்தார். பண்ருட்டியிலிருந்து அதே நெடுஞ்சாலையில் தெற்கே போனால் வடலூர். சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் 1823இல் பிறந்த வள்ளலார் இராமலிங்க அடிகள், வடலூரில் பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலத்தில் 1867 மே 23ஆம் தேதி சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு 21 அடி நீளம். அதன் நெருப்பு இன்றுவரை அணையவில்லை. அதற்கு முந்தைய வருஷம் ஒரிசாவையும் சென்னை மாகாணத்தின் வடகோடியையும் பஞ்சம் வாட்டியிருந்தது. அவர் காலத்துக்குப் பின் 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டைச் சூறையாடியது. பந்தியில் யார் எங்கே உட்காரலாம் என்பதைச் சாதி தீர்மானித்த காலத்தில், வந்தவரிடம் ஊரும் குலமும் கேட்காமல் சோறு போட்ட இடம் அந்தத் தருமச்சாலை. பசி என்ற ஒன்றே அங்கே தகுதி.

வள்ளலார் பசியைப் பற்றிப் பேசியதைத்தான் நாம் அதிகம் நினைவில் வைத்திருக்கிறோம். அவரே 'நித்திய கரும விதி' என்று ஒன்று எழுதியிருக்கிறார். விடிந்ததிலிருந்து படுக்கிறவரை ஒரு மனிதன் நாளை எப்படிக் கழிக்கலாம் என்று சொல்லும் குறிப்பு அது. அதில் சாப்பாட்டுக்கு அவர் கொடுத்திருக்கும் கவனத்தைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். உண்ணும்போது அவசரமும் கூடாது, சோம்பித் தாமதிப்பதும் கூடாது என்கிறார். சீரகச் சம்பா அரிசியைச் சிபாரிசு செய்து, சோறு குழையவும் கூடாது, விறைத்திருக்கவும் கூடாது என்று பதம் சொல்கிறார். அளவு மிஞ்சவும் கூடாது, குறையவும் கூடாது. புளியும் மிளகாயும் சிறிதாகவும் மிளகும் சீரகமும் தாராளமாகவும் இருக்கட்டும், உப்பைக் குறைத்துக்கொள் என்கிறார். எந்தெந்தக் காயை அடிக்கடி சேர்க்கலாம் என்றுகூடப் பட்டியல் உண்டு. முருங்கையும் கத்தரியும் தூதுளையும் அதில் வருகின்றன.

ஊர் பேர் தெரியாதவர்களின் பசிக்கு அடுப்பு மூட்டிய அதே மனிதர்தான் சோற்றின் பதத்தைப் பற்றியும் கவலைப்பட்டிருக்கிறார். பசியாற்றுவது ஒரு வேலை, அளவறிந்து நிதானமாக உண்பது வேறொரு வேலை, இரண்டும் வேண்டும் என்று அவர் நினைத்ததாகத்தான் எனக்குப் படுகிறது. அவருக்குப் பல நூற்றாண்டு முந்தைய திருக்குறளும் இதே பக்கம்தான். 'மருந்து' என்று பெயரிட்ட 95ஆம் அதிகாரத்தின் பத்துக் குறளில் ஆறு, சாப்பிடும் முறையைப் பற்றியவை. முன்பு உண்டது செரித்ததா என்று பார், பசித்த பின் உண், அளவோடு நிறுத்து என்பதுதான் அவற்றின் சாரம்.

சிதம்பரத்துக்குப் போனால் அந்த நிதானத்தை நாக்காலேயே தெரிந்துகொள்ளலாம். நடராசர் கோயில் பிரசாதமாகப் பேர்பெற்ற சம்பா சாதத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. சோறு, நெய், பொடித்த மிளகும் சீரகமும், உப்பு. பக்கத்தில் கத்தரிக்காய்க் கொத்சு. சாதத்தில் மிளகுக் காரம் மெதுவாகத்தான் ஏறும். கொத்சில் புளிப்பும் வறுத்தரைத்த மல்லியின் மணமும் முன்னால் வரும். சேர்த்து மென்றால்தான் இரண்டும் ஒன்றையொன்று தாங்குவது புரியும். வேகமாகச் சாப்பிடுகிறவருக்கு அது வெறும் மிளகுச்சோறு. மார்கழித் திருவாதிரைக்கு வீடுகளில் களியும் ஏழுகறிக் கூட்டும் செய்வார்கள். சேந்தனார் என்ற ஏழை விறகுவெட்டி படைத்த களியை நடராசர் ஏற்றுக்கொண்டார் என்பது தில்லைக் கதை. வறுத்த அரிசியும் வெல்லமும்தான். வருஷத்துக்கு ஒருநாள் என்பதால் அந்த ஒருநாளை ஊரே எதிர்பார்த்திருக்கும்.

இனி மாறிய கதை. 1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் வந்தது, பின்னாலேயே ஐ.ஆர்.8 வந்தது. ஐந்தாறு மாதம் நின்ற சம்பா நெல்லின் இடத்தில் மூன்றரை, நாலு மாதத்தில் அறுவடைக்கு வரும் புது நெல் நின்றது. விளைச்சல் பெருகிற்று, கேழ்வரகும் கம்பும் ஒதுங்கின. 1956இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. 1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். பின்னால் முட்டை வந்தது. 2011 ஜூனிலிருந்து ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைத்தது. 2022 செப்டம்பரில் காலைச் சிற்றுண்டித் திட்டம் தொடங்கி, அடுத்த வருஷம் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் போயிற்று. இந்த வரிசையை யாரும் லேசாகப் பேச வேண்டாம். அண்ணாகிராமத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் சம்மணமிட்டு ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே உப்புமாவைச் சாப்பிடுகிறார்களே, அவர்களின் தாத்தாக்களில் பலருக்கு அந்த வயதில் காலை உணவு என்று ஒன்று நிச்சயமாக இருந்ததில்லை. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சேர்ந்து உட்காரும் வரிசையும் அன்று இல்லை. வடலூர் அடுப்பின் நீட்சி அது.

ஆக, பயமில்லாமல் தட்டின்முன் உட்கார முடிந்த முதல் தலைமுறை இதுதான். ருசித்துச் சாப்பிட வாய்ப்புப் பெற்ற தலைமுறையும் இதுவே. அந்த வாய்ப்பு கைக்கு வந்த நேரத்திலேயே கவனம் கைநழுவிப் போய்க்கொண்டிருப்பதுதான் என் கவலை.

2006க்குப் பிறகு அரசு கொடுத்த வண்ணத் தொலைக்காட்சி பல வீடுகளில் சாப்பிடும் கூடத்திலேயே வந்து உட்கார்ந்தது. தட்டும் அதன் முன்னால் நகர்ந்தது. பிறகு செல்போன் வந்தது. நிலாவையும் காக்கையையும் காட்டிச் சோறு ஊட்டிய ஊரில் இப்போது பாட்டு ஓடினால்தான் குழந்தை வாய் திறக்கிறது. நிலாவைக் காட்டும்போது ஊட்டுகிறவரும் குழந்தையும் பேசிக்கொண்டிருந்தார்கள். போதும் என்று குழந்தை முகத்தைத் திருப்பினால் கை நின்றுவிடும். திரையின் முன்னால் அது திருப்புவதும் இல்லை, நாம் நிறுத்துவதும் இல்லை. வயிறு நிறைந்ததைத் தானே உணரும் பழக்கம் பேச்சு வருவதற்கு முன்பே தடைப்பட்டுவிடுகிறது.

உடம்பின் ஏற்பாடு எளிமையானது. சாப்பிடத் தொடங்கியதும் குடலிலிருந்து சில சுரப்புகள் கிளம்பிப் போதும் என்ற செய்தியை மூளைக்குக் கொண்டுபோகின்றன. அது போய்ச் சேர ஏறத்தாழ இருபது நிமிஷம் ஆகலாம். பத்து நிமிஷத்தில் தட்டைக் காலி செய்கிறவர், செய்தி வருமுன்பே மறுசோறு வாங்கிவிடுகிறார். மெல்லும்போது எச்சிலில் உள்ள நொதி மாவுச்சத்தை உடைக்க ஆரம்பிக்கிறது. கைக்குத்தல் அரிசியை நிதானமாக மென்றால் மெல்ல மெல்ல இனிப்பது அதனால்தான். அமெரிக்காவில் கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு 2019இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டது. 20 பேருக்கு இரண்டு வாரம் ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் வீட்டில் சமைப்பது போன்ற உணவும் கொடுத்தார்கள். வேண்டிய அளவு சாப்பிடலாம். ஆலை உணவு தின்ற நாள்களில் அவர்கள் வேகமாகத் தின்றார்கள், நாளொன்றுக்கு 500 கலோரி அளவில் கூடுதலாகவும் தின்றார்கள். நம் தெருமுனைக் கடையில் தொங்கும் பாக்கெட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் இந்த ஆய்வு என் நினைவுக்கு வருகிறது.

இனிப்பின் கதையும் இந்த மண்ணோடு சேர்ந்ததுதான். அண்ணாகிராமத்தை அடுத்த நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை 1842லேயே வந்துவிட்டது. இன்றும் சுற்றுப்பட்டுக் கரும்பு வண்டிகள் அங்கேதான் போகின்றன. ஆனால் அதன் வெள்ளைச் சர்க்கரை இங்கே தினசரிப் பண்டமாக ரொம்பக் காலம் பிடித்தது. கரும்பு வெட்டியவர் வீட்டில் வெல்லமும் கருப்பட்டியும்தான், அதுவும் நாள் கிழமைக்கு. இன்று டீக்கடையில் ஒரு நாளைக்கு நாலு டீ என்பது சாதாரணம். ஒவ்வொன்றிலும் சர்க்கரை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று சொன்னது. தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதம். கழனி வேலை குறைந்ததும் வெள்ளைச் சோறு மூன்று வேளையானதும் இதற்குக் காரணம். கவனமில்லாமல் தின்பதையும் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பலாவும் இடையில் ஒரு அடி வாங்கியது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. ஒரே விடியலில் முந்திரித் தோப்புகளும் தாத்தா காலத்துப் பலா மரங்களும் வேரோடு சாய்ந்தன. புதுக் கன்று வைத்துப் பழம் பார்க்கப் பல வருஷம் காத்திருந்தார்கள். பாலூர்க் காய்கறி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பலாவும் கத்தரியும் இந்த வட்டாரத்தில் பரவியிருப்பது நல்ல விஷயம். 2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. கூழ் வண்டிகள் கோடையில் சாலையோரம் திரும்ப வந்துவிட்டன. அதாவது பண்டம் எதுவும் தொலைந்துபோகவில்லை. சீரகச் சம்பா கிடைக்கிறது, கேழ்வரகு கிடைக்கிறது, பலாவுக்கும் குறைவில்லை. தட்டில் பழைய உணவு வந்தாலே பழைய நிதானம் வந்துவிடும் என்று நினைப்பவர்களோடு நான் உடன்படவில்லை. வண்டியருகே நின்றபடி செல்போனைப் பார்த்துக்கொண்டு குடிக்கிற கம்மங்கூழும் அவசரச் சாப்பாடுதான்.

அன்றும் இன்றும் அதிகம் மாறாத ஒன்று இருக்கிறது. சமைத்தவள் கடைசியில் சாப்பிடுவது. அன்று ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போட்ட பிறகு, அடிப்பானையில் மிஞ்சியதை அடுப்படியில் குந்தி வழித்துப் போட்டுக்கொண்டாள். குழம்பில் கருவாட்டுத் துண்டு அவள் முறை வரும்போது இருக்காது. இன்று மிக்சியும் கிரைண்டரும் வந்த பிறகும் பல வீடுகளில் அம்மா நின்றபடி, அடுத்த தோசைக்கு மாவு ஊற்றிக்கொண்டே, ஆறிப்போன ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்கிறார். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருந்தது. ரசித்து உண்ணுவதைப் பற்றி எவ்வளவு பேசினாலும் இந்த ஒருவரை உட்கார வைக்காவிட்டால் அந்தப் பேச்சுக்கு அர்த்தமில்லை. ருசியைப் படைத்தவருக்கே ருசி எட்டாமல் போவதைப் பழைய வழக்கம் என்று சொல்லி விட்டுவிடக் கூடாது.

கூடிச் சாப்பிடுவதில் உள்ள சந்தோஷத்துக்கு வேறு எதுவும் ஈடாகாது. சிதம்பரம் பக்கத்துக் கல்யாணப் பந்தியிலும், ஆடியில் மாரியம்மன் கோயில் வாசலில் கூழ் ஊற்றும்போதும் அதைப் பார்க்கலாம். உப்பு சரியா என்று ஒருவர் கேட்பார், முருங்கைக்காய் நம்ம தோட்டத்துக் காயா என்று இன்னொருவர் கேட்பார். உணவைப் பற்றிப் பேசிக்கொண்டே உண்ணும்போது நாக்கு விழித்துக்கொள்கிறது. வீட்டில் அதற்குப் பெரிய முயற்சி ஒன்றும் வேண்டாம். ஒரு வேளை, பெரும்பாலும் இரவுச் சாப்பாடு, எல்லோரும் பாயை விரித்து உட்காரலாம். தொலைக்காட்சியை அணைத்துவிட்டுச் செல்போன்களை அடுத்த அறையில் வைக்கலாம். குழம்புச் சட்டியையும் சோற்றுப் பானையையும் நடுவில் கொண்டுவந்து வைத்துவிட்டால் அம்மா எழுந்து ஓட வேண்டியதில்லை, அவரவர் போட்டுக்கொள்ளலாம். முதல் சில கவளத்தையாவது மென்று, என்ன ருசி என்று பிள்ளையிடம் கேட்கலாம்.

பலாப் பருவத்தில் பண்ருட்டி வழியாகப் போனால் சுளைப் பொட்டலம் வாங்காதீர்கள். இறங்கி, வியாபாரியிடம் தட்டிக் காட்டச் சொல்லி, ஒரு முழுப் பழம் வாங்குங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய், பழுக்கும்வரை பொறுத்திருந்து, எல்லோரையும் உட்கார வைத்து அறுங்கள். முதல் சுளையை இதுவரை வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டவருக்குக் கொடுங்கள்.